சாமா டிலாவுட் (பஜாவ்) மக்கள்: ஜொகூர் இளவரசிக் கதையை எவ்வளவு நம்பலாம்?

#1 வலம்புரி

தென்கிழக்காசியாவில் கடலிலேயே வாழ்வதாகச் சொல்லப்படும் பஜாவ் மக்களைப் பற்றி ஒரு காணொளி பார்த்தால் போதும், யூடியூப் இன்னும் பத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. ஆயிரம் ஆண்டுகளாகத் தரையே மிதிக்காதவர்கள். ஜொகூர் இளவரசியைத் தொலைத்துவிட்டு, ஊர் திரும்பப் பயந்து கடலிலேயே தங்கிவிட்டவர்கள். தண்ணீருக்கடியில் கண் தெளிவாகத் தெரியும். 13 நிமிடம் மூச்சடக்குவார்கள். இதில் எது வரலாறு, எது வாட்ஸ்அப்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கூடவே ஓர் ஆசைக் கேள்வி: ராஜேந்திர சோழன் படை கடாரம் போனபோது இவர்கள் எங்கே இருந்தார்கள்?

#2 சொற்கிடங்கு

முதலில் பெயர். 'பஜாவ்' என்பது அக்கம்பக்கத்தார் வைத்தது. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'சாமா'. அதில் கடலில் படகோடு வாழ்கிறவர்கள் 'சாமா டிலாவுட்'. லாவுட் என்றால் கடல். தென் பிலிப்பைன்ஸில் உள்ள சூலு தீவுகளின் ஆதிக்கச் சமூகமான தவ்சூக் மக்கள் இவர்களை 'லுவாஆன்' என்பார்கள். துப்பித் தள்ளப்பட்டவர்கள் என்கிற மாதிரி வசை அது. யாரும் தெரியாமல் அதைத் தலைப்பில் போட்டுவிட வேண்டாம்.

அடுத்து, தென்கிழக்காசியாவின் 'கடல் நாடோடிகள்' எல்லாரும் ஒரே கூட்டம் இல்லை. பர்மா, தாய்லாந்துப் பக்கம் மெர்குய் தீவுக்கூட்டத்தில் மோக்கன். மலாக்கா நீரிணை, ரியாவ், லிங்கா பக்கம் ஓராங் லாவுட். சூலு, மலேசியாவின் சபா, இந்தோனேசியாவின் சுலாவெசி முதல் திமோர் கடல் வரை சாமா-பஜாவ். மூன்று மொழிகளும் ஆஸ்திரோனேசியக் குடும்பம்தான், ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிரிந்தவை என்று சொல்ல முடியாது. காணொளிக்காரர்கள் மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிறார்கள்.

இனி ஜொகூர் கதை. சபாவில் சொல்லப்படும் வடிவம் இது: ஜொகூர் இளவரசி தாயாங் ஆயிஷாவைச் சூலு சுல்தானுக்கு மணமுடிக்கப் படகுகளில் அனுப்புகிறார்கள். வழியில் புருணை சுல்தான் மறித்துக் கவர்ந்துபோகிறார். காவலுக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினால் தலை போகும் என்று கடலிலேயே தங்கிவிடுகிறார்கள்.

கதை அழகுதான். மொழி ஒத்துவரவில்லை. ஜொகூரிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் கிளம்பியவர்கள் என்றால் மலாயின் ஏதாவது ஒரு வட்டார வழக்கைப் பேச வேண்டும். தாய்லாந்தின் உராக் லாவோய் மக்கள் பேசுவது அப்படித்தான், மலாய்க் காது உள்ளவருக்குப் பாதி புரியும். சாமா மொழிகள் அப்படி இல்லை. மலாய்ச் சொற்கள் ஏராளம், ஆனால் எல்லாம் கடன்.

பேலசன் என்ற மொழியியலாளர் 1985-இல் சாமா மொழிகளை ஒப்பிட்டு, மூல சாமா மொழி கி.பி. 800 வாக்கில் பிலிப்பைன்ஸின் மிந்தனாவோ தீவின் தென்மேற்கு முனையில், சம்போவாங்காவுக்கும் பசிலான் தீவுக்கும் நடுவே உள்ள நீரிணைப் பகுதியில் பேசப்பட்டது என்று காட்டினார். 2007-இல் ராபர்ட் பிளஸ்ட் இன்னும் ஒரு படி பின்னால் போனார். தென்கிழக்குப் போர்னியோவின் பாரிட்டோ ஆற்றுப் பகுதி மொழிகளோடு சாமாவுக்கு உறவு இருக்கிறது என்றார். மடகாஸ்கரின் மலகாசி மொழி வந்ததும் அந்தப் பாரிட்டோ பக்கத்திலிருந்துதான். ஒரே ஆற்றங்கரை மொழிக்கூட்டத்தில் ஒரு கிளை ஆப்பிரிக்கக் கரைக்கும் இன்னொன்று சூலு கடலுக்கும் போயிருக்கிறது. இளவரசிக் கதையைவிட எனக்கு இதுதான் வியப்பு.

#3 பாய்மரம்

மேலே சொன்னதோடு ஒரு தேதிக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெகல்லன் பயணத்தின் குறிப்பாளர் பிகாஃபெட்டா, 1521-இல் சம்போவாங்கா பக்கம் கடந்துபோகும்போது, அங்கே ஒரு தீவின் மக்கள் படகுகளிலேயே குடியிருக்கிறார்கள், வேறு வீடு கிடையாது என்று எழுதி வைத்திருக்கிறார். ஜொகூர் சுல்தானகம் உருவானதே 1528-இல், மலாக்காவை போர்த்துகீசியர் பிடித்த பிறகு. ஜொகூரே இல்லாத காலத்தில் ஜொகூர் இளவரசியை எப்படித் தொலைப்பது?

சுலாவெசிப் பக்கம் போனால் இளவரசி வேறு ஊர்க்காரி ஆகிவிடுவாள். அங்கே லுவு நாட்டுப் பெருமரம் ஒன்றைச் சாவெரிகாடிங் என்ற வீரன் வெட்டிச் சாய்க்கிறான். அதில் கூடுகட்டியிருந்த பறவைகளின் முட்டைகள் உடைந்து வெள்ளம் பெருக்கெடுக்கிறது, பஜோ (பஜாவ் மக்களுக்கு அந்தப் பக்கத்துப் பெயர்) மக்கள் அடித்துச் செல்லப்பட்டுச் சிதறுகிறார்கள், அவர்களில் ஒருத்தி கோவா (மக்காசரின் அரசு, நம் கோவா இல்லை) அரசனுக்கு மனைவியாகிறாள். சூலுவில் ஜொகூர், மக்காசரில் கோவா, லுவு. எந்த அரசின் நிழலில் பிழைத்தார்களோ அந்த அரசோடு ஒரு சம்பந்தம். மீன் பிடிக்கவும் கரையில் தண்ணீர் எடுக்கவும் உரிமை கேட்கப் போகும்போது, 'நாங்கள் அரண்மனைக்கு உறவு' என்று சொல்ல ஒரு கதை கைவசம் வேண்டுமல்லவா. இந்தக் கதைகளைத் தோற்ற வரலாறாக எடுத்தால் தப்பாகும், உரிமைப் பத்திரமாகப் படித்தால் மிகச் சரியாகப் பொருந்தும்.

#4 வலம்புரி

நன்றி இருவருக்கும். அப்படியென்றால் 800 வாக்கிலேயே எல்லாரும் படகில்தான் இருந்தார்களா? சோழர் கேள்வியை நைசாக விட்டுவிட்டீர்களே!

#5 சொற்கிடங்கு

விடவில்லை ஐயா, பயந்துகொண்டு இருந்தேன்.

1025 படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் 13 இடங்கள் வருகின்றன: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம். அடையாளம் காணப்பட்டவை பெரும்பாலும் சுமத்திரா, மலாய்த் தீபகற்பம், நிக்கோபார் வட்டாரம். சூலு அங்கிருந்து வெகு கிழக்கே இருக்கிறது. அந்தப் படை கடல்மக்களை எதிர்கொண்டிருந்தால் அது மலாக்கா நீரிணையின் ஓராங் லாவுட் முன்னோர்களாக இருந்திருக்கலாம். ஸ்ரீவிஜயத்தின் கடற்பலமே அவர்கள் துடுப்பில்தான் இருந்தது என்பது பல வரலாற்றாளர்களின் கருத்து. சாமா மக்களுக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் உள்ள தொடர்பு பிளஸ்டின் ஊகத்தில் மட்டும் வருகிறது: ஸ்ரீவிஜய வணிகத்தின் இழுப்பில்தான் பாரிட்டோ மக்கள் கடலுக்கு இறங்கினார்கள் என்கிறார். அதற்கு மேல் இழுத்துக் கட்டினால் கயிறு அறுந்துவிடும்.

தமிழ்த் தொடர்பு ஒன்று நிஜமாகவே வேண்டுமா? மலாயில் 'காபால்'. நம் கப்பல்தான். மலாய் வழியாக அந்தக் கடல் முழுக்கப் பரவி, சாமா பேச்சிலும் 'கப்பல்' ஆகிவிட்டது. பெரிய கலத்துக்குத்தான் இந்தச் சொல். தங்கள் வீட்டுப் படகை 'லெப்பா' என்பார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு: இல்லை. பசிலான் தீவின் உட்பகுதியில் யாக்கான் என்று ஒரு சமூகம் இருக்கிறது. மலை நெல் பயிரிடுகிறவர்கள், தறி நெய்கிறவர்கள். பேசுவது சாமா குடும்ப மொழி. சபாவின் கோத்தா பெலுட் பஜாவ் மக்கள் குதிரையேற்றத்துக்குப் பேர்போனவர்கள். வடக்கே சமார் தீவை ஒட்டிய காப்புல் தீவில் பேசும் அபக்னோனும் இதே குடும்பம். படகில் வாழ்ந்தது சாமா மக்களில் எப்போதும் ஒரு பகுதிதான்.

#6 பாய்மரம்

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. படகு வாழ்க்கையை 'ஆதி மனித நிலை' மாதிரி காட்டுவது பெரிய பிழை. அது ஒரு தொழில் பிரிவு. மலையில் நெல் விளைவிக்கிறவன், கரையில் படகு கட்டுகிறவன், பாறைத்திட்டில் கடலட்டை, சிப்பி, ஆமை ஓடு சேகரிக்கிறவன் என்று ஒரே மொழிக்காரர்கள் பிரிந்து நின்று ஒருவருக்கொருவர் விற்றுக்கொண்டார்கள். மூன்றாமவனுக்கு இருப்பிடம் நகர்ந்தால்தான் பிழைப்பு. ஒரு திட்டில் அட்டை தீர்ந்தால் அடுத்த திட்டுக்குப் போக வேண்டும், குடும்பத்தைக் கரையில் விட்டால் மாதக்கணக்கில் இரண்டு அடுப்பு எரிய வேண்டும்.

#7 கொழும்புத்துறை

அட்டை என்று வந்ததால நானும் ஒரு சொல் எழுதுறன். 'அட்டை சேகரித்தார்கள்' என்று ஒரு வரியில சொல்லிட்டுப் போறது சுலபம். பிடிக்கிறது பாதி வேலை, அவிக்கிறதுதான் மீதி.

வெள்ளை அட்டை என்றால் முறை இப்பிடித்தான், இஞ்சயும் ராமேஸ்வரப் பக்கமும் சூலுவிலயும் அடிப்படை ஒண்டுதான். பிடிச்ச அட்டையை வெயிலில கிடக்க விடக்கூடாது. அது தன்ர தோலைத் தானே கரைச்சுக்கொள்ளும், வழுவழு என்று ஆகிட்டால் அந்தச் சரக்கு போச்சு. வாய்ப்பக்கமோ பின்பக்கமோ சின்னக் கீறல் போட்டுக் குடலை எடுக்கிறது. கீறல் நீண்டால் காயேக்க விரிஞ்சு வளையும், தரம் இறங்கும். பிறகு பெரிய தாச்சியில அவிக்கிறது, கைவிடாமல் துழாவ வேணும். அடியில ஒட்டினால் தோல் கருகும், நெருப்பு ஒரேயடியாய் ஏறினால் வயிறு வெடிக்கும்.

வெள்ளை அட்டைக்கு மேல்தோலில சுண்ணாம்புப் படை இருக்கு. அதை எடுக்க ஈர மணலில ஒரு இரவு புதைச்சு வைப்பினம். மேல் படை அழுகி இளகும், அடுத்த நாள் தேய்ச்சுக் கழுவி, ரெண்டாம் தரம் அவிச்சு, காய வைக்கிறது. சூலு, சுலாவெசிப் பக்கம் மழை அதிகம், அதனால கண்டல் விறகுப் புகையில காய வைக்கிறதும் உண்டு. மக்காசர்க்காரர் ரெண்டாம் அவியலில கண்டல் பட்டையும் போடுவினம், நிறம் சிவக்கும்.

100 கிலோ பச்சை அட்டை போட்டால் கடைசியில் கையில மிஞ்சிறது 5 கிலோ அளவுதான். உள்ளுக்க ஈரம் நிண்டால் மூட்டைக்குள்ள பூஞ்சணம் பிடிச்சு, ஒரு அட்டை பத்தைக் கெடுக்கும்.

இப்ப யோசியுங்கோ: இதுக்கு மணல் கரை வேணும், விறகு வேணும், நன்னீர் வேணும். தரை மிதிக்காமல் அட்டை அவிக்க ஏலாது.

#8 நெய்தல்

கொழும்புத்துறை அண்ணா சொன்னதைப் படித்ததும் ஒன்று: இந்தியாவில் 2001 முதல் கடலட்டை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, எடுத்தாலே குற்றம். இலங்கையில் உரிமம் வாங்கி எடுக்கலாம், வளர்க்கலாம். பாக் நீரிணையில் கடத்தல் ஓயாததற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். சூலுவுக்கும் நமக்கும் இடையே இதில் ஓர் ஒற்றுமை: எந்தக் கரையில் எடுத்தாலும் கடைசியில் போய்ச் சேருவது சீனச் சந்தை.

#9 பாய்மரம்

அந்தச் சந்தைதான் சாமா டிலாவுட் வரலாற்றின் அச்சாணி. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் சீனத் துறைமுகமான கான்டனில் தேயிலை வாங்கிக் குவித்தார்கள். பதிலுக்கு விற்கச் சீனர்கள் விரும்பும் சரக்கு வேண்டும். கடலட்டை, முத்துச்சிப்பி, ஆமை ஓடு, பறவைக்கூடு. நான்கும் சூலு வட்டாரத்தில் கிடைத்தன. தவ்சூக் தாத்துக்கள் (தலைவர்கள்) முதலாளிகள். மூழ்கி எடுத்தது சாமா. பதிலுக்கு அரிசி, மரவள்ளி, துணி, பாதுகாப்பு. இந்த 'பாதுகாப்பு' எந்த அளவு பாதுகாப்பு, எந்த அளவு மாமூல் என்பது தாத்துவைப் பொறுத்தது.

தெற்கே மக்காசர் கிளையும் இப்படித்தான். 1803 பிப்ரவரியில் மேத்யூ ஃபிளிண்டர்ஸ் வட ஆஸ்திரேலியக் கரையில் மக்காசர்ப் படகுகளைக் கண்டு, அவற்றின் தலைவர் போபாசூவிடம் பேசினார். 60 பாய்ப்படகுகள் அந்தக் கரை முழுக்க அட்டை எடுத்துக்கொண்டிருப்பதாக அவர் சொன்னார். அந்த வணிகத்தில் புகிஸ், மக்காசர் மக்களோடு பஜோ மூழ்காளிகளும் இருந்தார்கள். 1907 வாக்கில் ஆஸ்திரேலியா உரிமம் கொடுப்பதை நிறுத்தியதும் அது முடிந்தது. 1974-இல் ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் போட்ட ஒப்பந்தத்தில், ஆஷ்மோர் பாறைத்திட்டை ஒட்டிய ஒரு பகுதியில் பாரம்பரிய மீன்பிடிக்கு அனுமதி உண்டு. ஆனால் 'பாரம்பரியம்' என்பதற்கு எஞ்சின் கூடாது என்று பொருள் வைத்தார்கள். புயல் வந்தால் பாயை நம்பித்தான் ஓட வேண்டும்.

#10 வலம்புரி

ஆக, பாவப்பட்ட சாது மக்கள், எல்லாரும் சுரண்டினார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

#11 சொற்கிடங்கு

சாமா டிலாவுட் பற்றி என்றால் பெரும்பாலும் சரி. ஆபத்து வந்தால் எதிர்த்து நிற்பதைவிட நங்கூரத்தைத் தூக்குவதுதான் அவர்கள் வழக்கம். ஆனால் 'சாமா' என்று பொதுவாகச் சொன்னால் சரியில்லை. சூலுவின் பாலாங்கிங்கி தீவைச் சேர்ந்தவர்களும் சாமா மொழிக்காரர்கள். 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மிந்தனாவோவின் இரானுன் மக்களோடு சேர்ந்து பிலிப்பைன்ஸ் கரை முழுக்க அடிமை பிடித்தவர்கள் அவர்கள். பிடிபட்டவர்களில் ஒரு பகுதியினர் அட்டை எடுக்கும் வேலைக்கே விற்கப்பட்டார்கள், ஏனென்றால் கான்டன் சந்தை கேட்ட அளவுக்கு மூழ்க ஆள் போதவில்லை. 1848 பிப்ரவரியில் ஸ்பானியர் நீராவிக் கப்பல்களைக் கொண்டுவந்து பாலாங்கிங்கி கோட்டைகளை அடித்து நொறுக்கி, பிடித்தவர்களை லூசோனின் ககாயன் பள்ளத்தாக்குப் புகையிலைத் தோட்டங்களுக்கு நாடுகடத்தினார்கள். ஒரே மொழிக் குடும்பத்தில் கொள்ளைக்காரனும் உண்டு, அவனுக்குப் பயந்து ஓடியவனும் உண்டு.

#12 நுண்ணோக்கி

மரபணு, பிறகு மூச்சடக்குவதோடு சேர்த்துப் பேசப்படும் மண்ணீரல், இந்த விஷயங்களுக்கு வருகிறேன்.

தோற்றம்: 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தோனேசியாவின் மூன்று இடங்களில் (டெராவான், கோத்தாபாரு, கெண்டாரி) 73 பஜோ மக்களின் மரபணுவைப் பார்த்தது. மூன்று கூட்டத்துக்கும் தென் சுலாவெசியோடு பொதுவான ஒரு தொடர்பு தெரிகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தந்த ஊர் அண்டை வீட்டாரின் கலப்பு. போகிற இடத்தில் பெண் எடுத்து, பெண் கொடுத்து, மொழியை மட்டும் விடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். பேலசனின் சம்போவாங்காவோடு இது மோதுகிறதே என்று கேட்பீர்கள். ஆய்வு செய்யப்பட்ட மூன்று ஊரும் இந்தோனேசியா. சூலு மக்களை அதில் பார்க்கவில்லை. மொழி ஒரு வழியில் வரும், ரத்தம் இன்னொரு வழியில் வரும்.

மண்ணீரல்: மெலிசா இலார்டோ குழுவின் 2018 ஆய்வு. மத்திய சுலாவெசியின் ஜயா பக்தி ஊரில் 59 பஜாவ், பக்கத்து ஊரில் விவசாயம் செய்யும் சாலுவான் மக்கள் 34 பேர். அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது பஜாவ் மண்ணீரல் சுமார் 50 விழுக்காடு பெரியது. முக்கியமான விஷயம்: மூழ்காத பஜாவ் ஆட்களுக்கும் பெரிதாகவே இருந்தது. பயிற்சியால் மட்டும் வந்தது இல்லை என்பதற்கு அது சான்று. பிடிஈ10ஏ என்ற மரபணுவின் ஒரு வடிவம் இதோடு சேர்ந்து வருகிறது. மூழ்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் விடும். கூடுதல் ஆக்சிஜன் என்பது இதுதான்.

13 நிமிடம்: பேட்டியில் யாரோ சொன்னதைத் தினசரி வேலைக் கணக்காக்கிவிட்டார்கள். வேலை நேரத்தில் அளந்து பார்த்தபோது ஒரு முங்கு சராசரி அரை நிமிடம் வாக்கில்தான். பிரமிப்பு வேறு இடத்தில்: மேலே வந்து மூச்சு வாங்கி உடனே அடுத்த முங்கு, இப்படி வேலை நேரத்தில் 60 விழுக்காடு தண்ணீருக்கடியில்.

கண்: அது பஜாவ் இல்லை, மோக்கன். 2003-இல் அன்னா கிஸ்லென் அளந்தது மோக்கன் குழந்தைகளை. தண்ணீருக்கடியில் கண்மணியைச் சுருக்கி, வில்லையை முழுக்க வளைத்துப் பார்க்கிறார்கள். ஐரோப்பியக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது அவர்களுக்கும் வந்துவிட்டது. பஜாவ் மூழ்காளிகள் மரத்தில் குடைந்து கண்ணாடி பதித்த மூழ்குகண்ணாடி போடுகிறவர்கள்; கண்ணாடி போட்டால் இந்த வித்தைக்கே தேவையில்லை.

#13 நெய்தல்

மூழ்குவதைப் பற்றி எழுதும்போது கம்ப்ரஸர் விவகாரத்தையும் சொல்லிவிடுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரில் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, பல்லால் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். சாதாரண மூச்சடக்கு முங்கில் ஆள் தானாக மேலே வந்துவிடுவான். குழாய் இருந்தால் 30, 40 மீட்டரில் மணிக்கணக்கில் நிற்பான். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் கொடுக்காமல் ஏறினால் மூட்டிலும் தண்டுவடத்திலும் குமிழி. கால் விளங்காமல் போவது அதனால்தான். எஞ்சின் புகைக்குழாய் காற்று உள்ளிழுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு வேறு. பெரிய மண்ணீரல் இதில் எந்த உதவியும் செய்யாது.

#14 வலம்புரி

பாய்மரம் அண்ணே, லெப்பாவை எப்படிக் கட்டுகிறார்கள்? நம்ம வள்ளம் மாதிரியா?

#15 பாய்மரம்

ஒரு விஷயம் முதலில்: 'காலங்காலமான லெப்பா' என்பதே தப்பு. சூலு தீவுகளின் தென்கோடியான தாவி-தாவி பக்கம் முன்பு இருந்த வீட்டுப்படகு 'ஜெங்கிங்', அதற்கு இரண்டு பக்கமும் மிதவைக் கட்டை உண்டு. 20-ஆம் நூற்றாண்டில்தான் மிதவை இல்லாத லெப்பா அதன் இடத்தைப் பிடித்தது. மிதவை போனதில் லாபம், படகுகளை விலாவோடு விலா ஒட்டிக் கட்டலாம், பிள்ளைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவலாம்.

நீளம் ஏழிலிருந்து பத்து மீட்டர், அகலம் இரண்டு மீட்டருக்குள். அடியில் 'தெட்டாஸ்' என்னும் ஏராக்கட்டை, ஒரே மரத்தில் செதுக்கியது. அதன்மேல் இரு பக்கமும் பலகைகளை விளிம்போடு விளிம்பு வைத்து மர ஆணியால் இணைப்பார்கள். நம் மசூலாப் படகுகளில் பலகையைக் கயிற்றால் தைப்பதுண்டு, இங்கே முளை அடிப்பு. இரும்பாணி உப்புநீரில் துருவேறித் துளை பெரிதாகும். மர முளை நனைந்ததும் பலகையோடு சேர்ந்து ஊதி இறுகும். பலகைகளுக்கு இடையே கேலாம் மரப்பட்டை வைப்பார்கள், தாள் தாளாக உரியும் பட்டை, ஈரத்தில் உப்பி நீரை அடைக்கும். ஓடு முழுதாக எழுந்த பிறகுதான் உள்ளே கால் (விலாக்கட்டை) வைப்பது. முதலில் சட்டம், பிறகு பலகை என்ற ஐரோப்பிய முறைக்கு நேர் எதிர்.

முன்னால் நீண்டு நிற்கும் 'ஜுங்கால்', அதிலும் பக்கப் பலகையிலும் 'ஒக்கில்' செதுக்கு வேலை. நடுவில் நிபா ஓலைக் 'காஜாங்' கூரை, கம்புகள்மேல். காற்று பலமாகி பாய் விரிக்க வேண்டும் என்றால் கூரையைக் கழற்றிவிடலாம். பாய்க்கு 'லாமாக்' என்று பெயர். பாய்மரம் முன்பக்கம் தள்ளி நிற்கும். தளப் பலகைகள் ஆணி அடிக்காமல் அடுக்கியவை, தூக்கினால் அடியில் வலை, ஈட்டி, காய்ந்த அட்டை.

கெடுவது எங்கே? ஒன்று, வறண்ட கரையில் நாள் கணக்கில் ஏற்றி வைத்தால் பலகை சுருங்கி மூட்டு வாய் பிளக்கும். இரண்டு, கப்பற்புழு. மரத்தைக் குடையும் சிப்பி இனம் அது, வெளியே ஊசித்துளை, உள்ளே சுரங்கம். அதற்கு மருந்து நெருப்பு: வற்றத்தில் படகைச் சாய்த்து, பாசி, கொட்டலசு சுரண்டிவிட்டு, காய்ந்த தென்னோலைச் சூள் கொளுத்தி அடிப்பாகம் முழுக்கக் காட்டிக்கொண்டே போவார்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் பலகை கருகும், ஓடவிட்டால் புழு சாகாது. இந்த வேலையைத் தள்ளிப் போட்டால் புழு தெட்டாசுக்குள் போகும். பக்கப் பலகையை மாற்றலாம். தெட்டாஸ் போனால் படகு போனது.

இப்போது அவ்வளவு பெரிய மரம் கிடைப்பது அருமை. ஒட்டுப்பலகைப் படகும் எஞ்சின் பூட்டிய பம்புபோட்டும் வந்துவிட்டன. பழைய அழகான லெப்பாவைப் பார்க்க வேண்டுமானால் சபாவின் செம்பொர்னாவில் ஏப்ரல் மாதம் நடக்கும் லெப்பா திருவிழாதான், 1994-இல் தொடங்கியது.

#16 தாவாவ் தமிழன்

செம்பொர்னா பேச்சு வந்ததால் சொல்கிறேன். திருவிழா அன்றைக்குப் பாயும் கொடியுமாகப் படம் பிடிப்பார்கள். அதே கடலில் இருக்கும் மக்களில் பலருக்கு ஐசி (அடையாள அட்டை) கிடையாது. பெற்றோருக்கு அடையாள அட்டை இல்லை, பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, பத்திரம் இல்லாததால் அரசாங்கப் பள்ளி இல்லை. சூலு முதல் சபா வரை ஒரே மேய்ச்சல் கடலாக இருந்ததில் காலனி அரசுகள் கோடு போட்டன, 1963-இல் சபா மலேசியாவில் சேர்ந்தது. 1970-களில் மிந்தனாவோ, சூலு போரில் தப்பி வந்தவர்கள் வேறு. இப்போது தலைமுறையாக இங்கே இருந்த கடல்குடியையும் அன்றைக்கு வந்த அகதியையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, எல்லாரும் 'பிலிப்பைன்ஸ்காரன்'. 2024 ஜூனில் துன் சக்காரான் கடல் பூங்காத் தீவுகளில் இவர்கள் நீரில் கம்பு நட்டுக் கட்டிய கால்வீடுகளை இடித்தார்கள்.

எல்லாரும் படகிலேயே இருக்கிறார்கள் என்பதும் பழைய செய்தி. செம்பொர்னா பங்காவ்-பங்காவில் 1950-களின் நடுவிலிருந்தே கால்வீடு கட்டிக்கொண்டு தங்கத் தொடங்கினார்கள். அவர்களின் பிள்ளைகளில் ஆசிரியர், போலீஸ் எல்லாம் உண்டு. பிரச்சினை காகிதம் கிடைக்காதவர்களுக்கு.

#17 வலம்புரி

கடைசியாக ஒன்று. மரப் படகில், ஓலைக் கூரைக்கடியில் சமைக்கிறார்களே, தீப்பிடிக்காதா? தண்ணீருக்கு என்ன செய்வார்கள்?

#18 தாவாவ் தமிழன்

அதற்கு 'லாப்போஹான்' என்று சுட்ட மண் அடுப்பு. செம்பொர்னாவை ஒட்டிய செலாக்கான் தீவில் பெண்கள் கையால் வனைவது, சக்கரம் கிடையாது. சாதாரண அடுப்பிலிருந்து இதற்கு முக்கிய வித்தியாசம், அடிப்பக்கமும் மண். பெரிய முறம் மாதிரி தட்டு, ஒரு பக்கம் சுவர் உயர்ந்து மூன்று குமிழ் வைத்திருக்கும், பானை அதன்மேல். விறகு நீட்டும் பக்கம் தட்டு நீண்டிருக்கும், அதனால் கங்கும் சாம்பலும் தட்டுக்குள்ளேயே விழும், பலகையைத் தொடாது. படகு எவ்வளவு ஆடினாலும் பானை குமிழ்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். எரிப்பது கண்டல் விறகு, புகை குறைவு, தணல் நிற்கும்.

அதில் வேகும் முக்கிய உணவு மரவள்ளி. துருவி, துணியில் கட்டிப் பாரம் வைத்து நச்சுச் சாற்றைப் பிழிந்த பிறகுதான் எடுப்பார்கள். மாவை வாணலியில் வறுத்தால் 'சியாங்லாக்', நாள்பட நிற்கும். ஆவியில் வேகவைத்தால் 'புத்து'. (நம்ம புட்டுதான் என்று சொல்ல வாய் வருகிறது. சொற்கிடங்கு ஐயா முறைப்பது தெரிகிறது, நான் ஒன்றும் சொல்லவில்லை.) மரவள்ளி கரைக்காரர் தோட்டத்திலிருந்து வருவது, மீனுக்கு மாற்று. தண்ணீர், தீவுக் கிணறுகளில். சின்ன மணல் தீவில் ஆழமாகத் தோண்டினால் உப்பு ஊறிவிடும், மழைநீர் மேலே மிதக்கும் அளவுக்கு மட்டும் தோண்டி, கொஞ்சம் கொஞ்சமாக மொள்ள வேண்டும்.

#19 சொற்கிடங்கு

முறைக்கவில்லை!

'தரையே மிதிக்காதவர்கள்' என்று முதல் பதிவில் இருந்ததே, அதற்கு இரண்டு குறிப்பு. தாவி-தாவியின் சித்தங்காய் ஊர் சாமா டிலாவுட் மக்களின் பெரிய சடங்கு 'மக்பாய் பஹாஉ'. பொருள், புதுநெல். வயலே இல்லாத மக்கள் கரையிலிருந்து புது நெல் வாங்கி வந்து, குத்தி, முன்னோர்களான 'ம்போ'வுக்குப் படைத்த பிறகுதான் வீட்டில் உண்பார்கள். இரண்டாவது, இடுகாடு. இறந்தவரைக் கடலில் விடும் வழக்கம் இவர்களுக்குக் கிடையாது. அதற்கென்று சில சிறு தீவுகள் உண்டு, எவ்வளவு தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தாலும் உடலைப் படகில் அங்கே கொண்டுவந்து புதைப்பார்கள். தலைமாட்டில் 'சுண்டுக்' என்ற செதுக்கிய மரக்குறி நடுவார்கள், ஆணுக்கு ஒரு வடிவம், பெண்ணுக்கு ஒரு வடிவம். எந்தக் குடும்பம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதில் சந்தேகம் வந்தால், எந்தத் தீவில் புதைக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.